எலும்பு டாக்டருக்கு ஒரு ஜெபக் குறிப்பு

அந்தப் பையைக் கொஞ்சம் காலுக்குக் கீழே தள்ளிக்கொள்ளுங்க அண்ணாச்சி. மிதித்தாலும் ஒன்றும் ஆகாது, எல்லாம் கழுத்துப் பட்டை, உள்ளே ஸ்பாஞ்சுதான். மேலே வைக்கலாம் என்றால், அந்த முன் சீட்டுக்காரனைப் பாருங்க, நான் ஏறினதிலிருந்து திரும்பித் திரும்பி என் பையையே பார்க்கிறான். வேண்டாம். காலடியிலேயே கிடக்கட்டும்.

கோவில்பட்டியில் ஏறினீங்களா? திருநெல்வேலிக்கா? நல்லது. ரெக்ஸன் என்று யாரையும் உங்களுக்குத் தெரியாதே? உயரமாக, ஒல்லியாக, கிருதா வைத்திருப்பான். சொந்தத்தில், பந்தத்தில்...? இல்லையா. கோபித்துக்கொள்ளாதீங்க. இந்தக் காலத்தில் பக்கத்து சீட்டில் யார் என்று தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. நான் சாதாரணமாக யாரிடமும் எதையும் சொல்கிற ஆள் இல்லை.

கழுத்துப் பட்டை விற்கிறவன் என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீங்க. இது ஆடிக்கு அப்புறம் வந்த வேலை. அதற்கு முன்னால் நான் முட்டியில் இருந்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் பேச்சு. முட்டியில் இருக்கிறவன், இடுப்பில் இருக்கிறவன், முதுகெலும்பில் இருக்கிறவன். தேய்ந்துபோன முட்டியை அறுத்துவிட்டு உலோக முட்டி வைக்கிறார்கள் இல்லையா, அந்த முட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கம்பெனி ஆள்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உள்ளே போகணும் அண்ணாச்சி. ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே. பச்சை உடுப்பு, தொப்பி, முகமூடி, எல்லாம் டாக்டருக்கு உள்ளதுதான் நமக்கும். கையுறை மட்டும் கிடையாது, ஏனென்றால் எதையும் தொடக்கூடாது. சுத்தம் பண்ணி விரித்து வைத்திருக்கிற மேசையிலிருந்து தள்ளி ஒரு ஸ்டூல். அதன்மேல் ஏறி நிற்கணும். டாக்டர் கேட்கிற சாமான் எந்தத் தட்டில் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று சிஸ்டருக்குக் காட்டணும். தொடாமல் எப்படிக் காட்டுவது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரில் சிவப்பாகப் பொட்டு அடித்து விளையாடுமே, அந்தச் சின்ன டார்ச். பொட்டைச் சாமான் மேல் வைத்தால் சிஸ்டர் எடுத்து டாக்டர் கையில் கொடுப்பார்கள். அளவு வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் "நாலு" என்பார். நான் பெட்டியைப் பார்த்து "நாலு, வலது" என்பேன். சிஸ்டர் ஒரு தடவை வாசிப்பார்கள். அப்புறம்தான் பெட்டியை உடைப்பது.

நான் விலங்கியல் படித்தவன், அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. அந்த ஸ்டூலில் நிற்கும்போது மட்டும் அந்தப் பாக்கி எனக்கு ஞாபகம் வராது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

எந்த டாக்டர் என்று கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போது பச்சைக் கண்ணாடி போட்ட ஆஸ்பத்திரி ஒன்று வரும், அங்கே ஒரு பெரிய எலும்பு டாக்டர். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோமதிநாயகம் சார் கை இருக்கிறதே, அது லேசுப்பட்ட கை இல்லை. கைத்தடி ஊன்றி வந்த ஆட்கள் அந்தக் கையால் நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். என்னை ஒரு நாள் "டே" என்று சொன்னதில்லை. "வாரும் வேதமுத்து, சாமான்லாம் வந்துட்டா?" என்றுதான் கேட்பார்.

சித்திரையில் ஒரு நாள் ஒரு ரைஸ்மில்காரர் சம்சாரத்துக்கு முட்டி. எலும்பு அறுக்கிற ரம்பம் ஒன்று உண்டு, பேட்டரியில் ஓடும். சார் அதை எடுத்தார். எடுத்துவிட்டு வைத்தார். மறுபடி எடுத்தார். ஸ்டூல் மேலிருந்து எனக்கு அவர் தோளுக்கு மேலாக எல்லாம் தெரியும். வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் துடிக்கிறது. போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தால் மேசையில் கிடந்து அதிருமே, அந்த மாதிரி. சாமான் எடுத்துக் கொடுக்கிற எஸ்கலின் சிஸ்டர் அவர் மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தார்கள். சார் ரம்பத்தைக் கூட இருந்த சின்ன டாக்டரிடம் நீட்டி, "நீங்க அறுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

உடுப்பு மாற்றுகிற அறையில் சார் என்னைப் பார்த்தார்.

"வேதமுத்து, பாத்தீரா?"

"எதை சார்?"

சிரித்துவிட்டார். "நல்லது. கழுத்துல நரம்பு அமுங்கியிருக்குவே. சரி பண்ணிரலாம். அதுவரைக்கும் நான் ரம்பத்தைத் தொட மாட்டேன், சின்னவர் அறுப்பாரு, நான் பக்கத்துல நிப்பேன். ஆனா ஊருக்குத் தெரிஞ்சா ஜனங்க பயந்துக்கிடும். இது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும்."

"செத்தாலும் வெளிய வராது சார்."

இன்றைக்கு வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். அந்த முன் சீட்டுக்காரன் தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி இருக்கிறானா? சரி, நான் மெதுவாகவே பேசுகிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் லீலா கேட்டாள், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று. பெண்டாட்டியிடம் சொல்வது வெளியில் சொல்வதில் சேராது, அதை விட்டுவிடுங்க. அவள் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. அதற்கு இதெல்லாம் விளங்காது, அதே ஆஸ்பத்திரி லேப்பில்தான் வேலை பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. குருவானவரிடம் போய், ஒரு ஜெபக் குறிப்பு என்றேன். யாருக்கு என்றார். "பேர் வேண்டாம் ஐயா. ஒரு எலும்பு டாக்டர். வலது கை." அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அவர் மைக்கில், "நம்முடைய சகோதரர் வேதமுத்து ஊழியம் செய்கிற மருத்துவமனையிலே பெரிய எலும்பு மருத்துவராய் இருக்கிறவருடைய வலது கரத்தைக் கர்த்தர் தொட்டு, அதன் நடுக்கத்தை நீக்கும்படியாக" என்று ஜெபித்தார். கோயில் நிறைய ஆமென். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் திருநீறு பூசுகிறவர், அவருக்காக எங்கள் சபை மொத்தமும் முழங்காலில் நிற்கிறது. நடுக்கம் என்று நானாகச் சொல்லவில்லை, அவர் கேட்டார், கைக்கு என்ன என்று. தெரியாமல் எப்படி ஜெபிப்பார்? பேர் எங்கேயாவது வந்ததா? இல்லை. ஆண்டவரிடம் சொன்னதையும் வெளியே சொன்னதாகக் கணக்கு வைத்தால் அப்புறம் மனுஷன் ஜெபமே பண்ண முடியாது.

எங்கள் சபையில் நர்ஸ்மார் நிறையப் பேர் உண்டு, அது வேறு விஷயம்.

வைகாசி முடியவில்லை, பேச்சு கிளம்பிவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு அம்மாள், நாள் குறித்து, ரத்தமெல்லாம் பார்த்து முடித்தாயிற்று, திடீரென்று மதுரைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். சார் அறையில் உட்கார்ந்துகொண்டு, "டாக்டர், தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்று கேட்டிருக்கிறார்.

சார் நீட்டியிருக்கிறார் அண்ணாச்சி. அந்த மனுஷன், பையன்களுக்கு நகம் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

எந்தப் பாவி வேலை இது? சாரிடமே போனேன்.

"யாருவே சொல்லியிருப்பா?" என்றார்.

"நான் கண்டுபிடிக்கிறேன் சார்."

"வேண்டாம், விடும். புதுசா ஒண்ணும் கிளப்பாதேயும்."

அவர் பெரிய மனுஷர், விடச் சொல்வார். நாம் விடலாமா?

எனக்கு மூன்று பேர் மேல் சந்தேகம். முதல் ஆள் எஸ்கலின் சிஸ்டர். நல்ல சிஸ்டர்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அந்தக் கையைக் கொண்டுபோய் வைத்தார்களே, அதில் ஒரு பதற்றம் இல்லை பாருங்க. அப்படியென்றால் முன்னாலேயே தெரியும். முன்னாலேயே தெரிந்தவர்கள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? என்னிடமே மறைக்கிறவர்கள் வேறு யாரிடம்தான் சொல்ல மாட்டார்கள்? இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குகிற செக்‌ஷனில் சிதம்பரநாதன். அவர் தலைக்குமேல் எதிர்க் கம்பெனிக் காலண்டர் தொங்குகிறது. எங்கள் காலண்டரையும் கொடுத்தோம், அதை எங்கே மாட்டினார்? மூன்றாவது, ரெக்ஸன். எதிர்க் கம்பெனி ஆள். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுப்பான். எதற்கு? சும்மா ஒருத்தன் வடை வாங்கிக் கொடுப்பானா?

சந்தேகம் மட்டும் போதாது, நிரூபிக்கணும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நானே யோசித்தது. மூன்று பேரிடமும் மூன்று விதமாகப் பொய் சொல்வது. எந்தப் பொய் ஊரைச் சுற்றித் திரும்பி வருகிறதோ, அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். எப்படி? நீங்க சிரிக்கிறீங்க, ஆனால் யோசனை நல்ல யோசனைதானே?

முதலில் ரெக்ஸன். கேன்டீனில் அவன் வாங்கித் தந்த வடையைத் தின்றுகொண்டே, "ரெக்ஸா, உன்கிட்ட மட்டும் சொல்லுதேன், சாருக்குக் கண்ணுல கோளாறு" என்றேன்.

"கண்ணா? கைன்னுல்லா சொன்னாங்க."

"யாருடே சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாங்க. உங்க கோயில்ல மைக் போட்டு ஜெபமே பண்ணினாங்களாமே அண்ணே."

பார்த்தீர்களா, எவ்வளவு சாமர்த்தியமாகப் பேச்சை என் பக்கம் திருப்புகிறான்? அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவன் கள்ளன்.

சிதம்பரநாதனிடம், சாருக்குச் சர்க்கரை, தியேட்டரிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்றேன். "அடப் பாவமே" என்றார். அந்த ஆள் முகத்தில் ஒரு சந்தோஷம், அதை என்னிடம் மறைக்க முடியாது.

எஸ்கலின் சிஸ்டரிடம்தான் கொஞ்சம் கஷ்டம். அவர்களுக்கு உண்மை தெரியும். அதனால், "சிஸ்டர், சார் கேரளாவுக்கு எண்ணெய்ப் பிழிச்சல் வைத்தியத்துக்குப் போறாராமே, ரெண்டு மாசத்துக்குத் தியேட்டரே கிடையாதாமே" என்றேன். கத்தி, கத்தரியெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்கள்.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"காதுல விழுந்துச்சு."

"யாரு காதுல யாரு போட்டா?"

நான் நழுவிவிட்டேன். மறுநாள் காலையில் சார் என்னை நிறுத்தி, "வேதமுத்து, நான் கேரளாவுக்குப் போறேனாமே?" என்கிறார். அகப்பட்டார்களா இல்லையா? சிஸ்டர் வாயில் ஒரு ராத்திரி கூட நிற்கவில்லை.

அந்த வாரத்துக்குள்ளேயே மற்ற இரண்டும் வந்துவிட்டன. ஆட்டோ ஸ்டாண்டில், டாக்டருக்கு ஒரு கண் போய்விட்டது என்றார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், டாக்டர் மயங்கி ஆபரேஷன் பண்ணிக்கொண்டிருந்த ஆள் மேலேயே விழுந்துவிட்டார், விழுந்ததில் அந்த ஆளுக்கு மற்ற முட்டியும் போய்விட்டது என்று சொன்னார். வெளியே காத்திருக்கிற இடத்தில் நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது. மூன்று பேரும் கூட்டு! ஒருத்தர் இல்லை, மூன்று பேரும்.

சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இன்னாரிடம் இன்னது சொன்னேன், இன்னது திரும்பி வந்தது. சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மூணு பேருகிட்டயும் நீரே சொன்னீரு?"

"ஆமா சார். சோதனைக்கு."

"கண்ணு, சர்க்கரை, கேரளா."

"ஆமா சார்."

"அதுக்கு முன்னால, கையைப் பத்தி?"

"அதை நான் யாருகிட்டயும் சொல்லல சார். உங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணச் சொன்னேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன், அப்படியும் தெரியவில்லை. அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலை இறக்கி, "வேதமுத்து, உம்மகிட்ட ஒண்ணு சொல்லுதேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. ஆவணியோட எல்லாத்தையும் விட்டுட்டு ஆஸ்திரேலியாவுல மக வீட்டோட போயிரலாம்னு இருக்கேன். உலகத்துல உமக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

நினைத்துப் பாருங்க அண்ணாச்சி. பெண்டாட்டிக்குச் சொல்லாததை எனக்குச் சொல்கிறார். விலங்கியலில் பேப்பர் பாக்கி வைத்தவனுக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன், வண்டி ஆஸ்பத்திரியிலேயே நிற்கிறது என்கிற ஞாபகம்கூட இல்லை.

மதுரை மேனேஜரிடம் சொன்னேன். அது சொல்லாமல் முடியாது, கம்பெனிச் சோறு தின்கிறோம், அவ்வளவு பெரிய டாக்டர் போகப் போகிறார் என்றால் கம்பெனி ஏற்பாடு பண்ண வேண்டாமா? ஆபீஸ் விஷயத்தை ஆபீஸில் சொல்வது வேறு. அந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? இரண்டு நாளில் பழக்கூடையும் பொன்னாடையும் தூக்கிக்கொண்டு நேரே சார் அறைக்கு வந்துவிட்டார், என்னையும் கூட்டிக்கொண்டு. "சார், நீங்க ஆஸ்திரேலியா போறீங்கன்னு கேள்விப்பட்டோம், எங்க கம்பெனிக்குப் பெரிய இழப்பு" என்று ஆரம்பித்தார். எஸ்கலின் சிஸ்டர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு சொன்னா மேனேஜர் சார்?" என்றார் டாக்டர். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நம்ம வேதமுத்துதான் சார்" என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

சார் பொன்னாடையைக் கையில் வாங்கினார். மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். உதறி விரித்து என் தோளில் போட்டார்.

"இது இவருக்குத்தான் சேரும். எத்தனையோ வருஷம் நம்ம ஸ்டூல்ல நின்னவரு. போயிட்டு வாரும் வேதமுத்து."

தோளில் வைத்த கை நடுங்கியது. ஜரிகைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. எவ்வளவு பிரியம் இருந்தால் தனக்கு வந்த மரியாதையை ஒரு மனுஷன் இன்னொருத்தனுக்குப் போடுவான்? மேனேஜர் முகம்தான் செத்துப்போனது. சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அதற்குப் பொறாமை என்று பேர்.

திங்கட்கிழமை சாமான் தட்டுகளோடு தியேட்டர் வாசலுக்குப் போகிறேன், எஸ்கலின் சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அண்ணே, இனிமே நீங்க உள்ள வர வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு."

"என்னைப் பத்தி யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே."

"பின்ன?"

"போங்கண்ணே. போய் ஒரு காப்பி குடிங்க." கண் கலங்கினாற்போலப் பேசினார்கள். நடிப்பு என்றால் அப்படியொரு நடிப்பு. உள்ளே சக்கரம் வைத்த படுக்கை தள்ளுகிற சத்தம் கேட்டது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். கம்பெனியில் ஒரு வாரம் கழித்து முட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டு, கழுத்துப் பட்டை, முட்டி உறை, வாக்கிங் ஸ்டிக் என்று கொடுத்தார்கள். மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்குகிறேன். கடைக்காரன் நிற்க வைத்தே பேசி அனுப்புகிறான்.

சார் ஆஸ்திரேலியாவுக்குப் போகவே இல்லை. கோயம்புத்தூரில் கழுத்தைச் சரிபண்ணிக்கொண்டு வந்துவிட்டார். கை இப்போது அசையாமல் நிற்கிறதாம், சங்கரன்கோவில் அம்மாளே திரும்பி வந்து இரண்டு முட்டியும் வைத்துக்கொண்டு போயாயிற்றாம். சந்தோஷம், எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஸ்டூலில் இப்போது ரெக்ஸன் நிற்கிறான்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. ஆஸ்திரேலியா விஷயம். மேனேஜர் வருவதற்கு முந்தின நாளே ரெக்ஸன் என்னிடம், "சார் போறாராமேண்ணே" என்று கேட்டான். சிதம்பரநாதன் கேட்டார். கேன்டீனில் தோசை சுடுகிறவர்கூடக் கேட்டார். உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்? மேனேஜர், அது ஆபீஸ். லீலா, அது வீடு. குருவானவரிடம் பிரயாணத்துக்காக ஜெபிக்கச் சொன்னேன், அது ஆண்டவர் சந்நிதி. மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் யார் இருக்கிறார்கள்? சொல்லுங்க பார்ப்போம். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனேன். போன வாரம் ஒரு மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது பளிச்சென்று பிடிபட்டது.

விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று நான். நான் சொல்லவில்லை. மற்றது யார்?

அவரேதான் அண்ணாச்சி! வேறு யார்? கை நடுங்கியதையும் அவரேதான் எங்கோ உளறியிருக்கிறார். நாலு பேரிடம் சொல்லிவிட்டு, சொன்னதையும் மறந்துவிட்டு, நம்மிடம் வந்து யாருவே சொன்னா என்று கேட்கிறார். பெரிய மனுஷர், தங்கமான கை, எல்லாம் சரி. மனசில் ஒன்றும் தங்காது. பாவம், அந்தச் சுபாவத்தால் என் பிழைப்பு போனது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் மட்டும் அந்த ஸ்டூலில் இருந்திருந்தால் அவரைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதோ பாலம் வந்துவிட்டது, பையை இப்படிக் கொடுங்க. இல்லை, கடைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். நேரே பாளையங்கோட்டைக்கு, சார் வீட்டுக்கு. இந்நேரம் அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், அவர் வீட்டம்மா தனியாகத்தான் இருப்பார்கள். கைநடுக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "சாரை நீங்கதான் கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்மா, அவரு வாயில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லணும். பக்குவமாகத்தான் சொல்வேன். வேறு ஒருத்தர் காதுக்கும் போகாமல்.